ஐம்பது மில்லி அருள்வாக்கு

எஞ்சின் பேசுகிறது என்று செய்தி பரவியதிலிருந்து கார் வைத்திருந்த யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. பேசுவது எஞ்சின். காதில் வாங்குவது குழாய் குரு. அதை அப்படியே விழுங்குவது மற்ற எல்லாரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே அவருடைய கொட்டகை வாசலில் கார்கள் மூக்கும் வாலும் உரச நின்றன. வேலைநாளில் எட்டு மணிக்கு எழுப்பினாலே எரிந்து விழுகிறவர்கள், இங்கே குளித்துத் தலைவாரி வந்திருந்தார்கள்.

குரு ஓடுகிற எஞ்சின்மேல் ஒரு பித்தளைக் கம்பியை ஊன்றுவார். மறுமுனையைக் காதில் வைப்பார். கண்ணை மூடுவார். அப்புறம் ஒரு பெருமூச்சு.

"மூச்சு முட்டுதுப்பா இதுக்கு. ஐம்பது மில்லி கேக்குது."

ஹெடர் குழாயின் அகலத்தைத்தான் மில்லிமீட்டரில் சொல்கிறார். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகையை வெளியே கொண்டுபோகிற குழாய் அது. கைக்கடக்கமான சின்னக் காரும் ஐம்பது மில்லி கேட்டது. சரக்கு வேனும் ஐம்பது மில்லி கேட்டது. கொட்டகைக்குப் பின்னால் ஐம்பது மில்லிக் குழாய் மட்டும் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது. எஞ்சின்களுக்கு அது எப்படித் தெரிந்ததோ.

வரிசையில் ஏழாவதாக நின்ற வெள்ளைக் காரில் மூன்று பேர். ஸ்டியரிங்கில் அண்ணன். பக்கத்தில் ஒன்பது மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அண்ணி. பின்சீட்டில் தங்கை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் எஞ்சினியராக வெளியே வந்தவள். புறப்பட்டதிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடிக்காமல் என்ன செய்வாள்? இந்தக் காரில் இப்போதிருக்கும் ஹெடர் அவளும் அண்ணனும் மூன்று மாதம் வளைத்து, அறுத்து, பற்றவைத்துச் செய்தது. அளவு அவள் போட்டது. சிலிண்டருக்கு நானூறு சிசி, நிமிஷத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு சுற்றில் இழுவை வேண்டும், ஆகவே உள்விட்டம் முப்பத்திரண்டு மில்லி. அதைத்தான் குரு இன்று அறுத்து எறியப்போகிறார்.

"ரெண்டு பக்கம் கணக்கு போட்டுக் குடுத்தேனேண்ணே. அதைவிட அந்தாளு காது பெருசா?"

"நீ ரெண்டு பக்கம் எழுதினே. அவரு ஒரு நிமிஷத்துல சொல்றாரு. யாரு கெட்டிக்காரங்க?"

"அப்ப நீங்க பரீட்சையில வெறும் பேப்பரை மடிச்சுக் குடுத்துட்டு வந்ததும் கெட்டிக்காரத்தனந்தான்" என்றாள் அண்ணி.

"உனக்காகத்தாண்டி மாத்துறேன். வலி வந்தா ஆஸ்பத்திரிக்குப் பறந்துடலாம்ல?"

பிரசவ ஆஸ்பத்திரி செங்குத்தான மேட்டின் உச்சியில் இருந்தது. பாதி மேட்டில் ஒரு சிக்னல். அங்கே நின்று கிளம்ப வேண்டும்.

"அந்த மேட்டுலதான் நீ மாட்டுவேண்ணே. குழாய் அகலமானா புகையோட வேகம் செத்துடும். கீழ் சுத்துல இழுவை போயிடும். ஏழாயிரம் சுத்துலயே ஓடுற பந்தயக் காருக்கு அது சரி. நாம தெருவுல ஓட்டுறோம்."

"அந்த நீலக் காரு சத்தத்தைக் கேட்டியா? அவ்வளவு சத்தம் போடுறது இழுக்காதா?"

அப்படிப் பார்த்தால் ஊரிலேயே வேகமானது மாவு மில்தான்.

நீலக் கார் ஒரு பல் டாக்டருடையது. இதே மாடல், இதே எஞ்சின். எக்ஸ்ரே எடுக்காமல் ஒரு கடைவாய்ப் பல்லைத் தொடமாட்டார் மனிதர். போன வாரம் குரு கம்பியை ஊன்றியதும் கார் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். இன்று சும்மா கைதட்ட வந்திருந்தார்.

குரு வெறுமனே நம்பச் சொல்லமாட்டார். நிரூபித்தும் காட்டுவார். கொட்டகைக்கு எதிரே ஒரு சரிவு, கீழே வெள்ளைக் கோடு, மேலே ஒரு கம்பம், அதில் ஒரு பெரிய கடிகாரம். பழைய குழாயோடு ஒரு ஓட்டம், புதுக் குழாயோடு ஒரு ஓட்டம். முதல் ஓட்டத்துக்கு முன்னால் குருவின் மச்சான் ஓட்டுகிறவரின் காலடியில் ஒரு தடித்த சிவப்பு மிதியடியை விரிப்பார்.

"எஞ்சின் உண்மையைச் சொல்ற நேரம். மரியாதை வேணும். செருப்பைக் கழட்டுங்க."

குழாய் மாற்றியதும் மிதியடியை எடுத்துவிடுவார். "பழைய பீடை இதோட போச்சு." காலையிலிருந்து ஓடிய ஆறு கார்களும் இரண்டாவது ஓட்டத்தில் நாலைந்து நொடி முந்தின. கைதட்டல் கொட்டகைக் கூரையைப் பிய்த்தது.

அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தங்கை முன்சீட்டில் ஏறினாள். கார் முக்கி முனகி ஏறியது. சுற்றுகாட்டும் முள் மூவாயிரத்தைத் தாண்டவேயில்லை. வீட்டுப் பக்கத்து மேட்டில் ஐயாயிரத்தைத் தொடுகிற முள் அது.

"பத்தொன்பது நொடி" என்று ஒலிபெருக்கியில் துக்கம் கொண்டாடினார் மச்சான்.

"முழுசா மிதிச்சியாண்ணே?"

"தரையோட தரையா அழுத்திட்டேன்."

"எந்தத் தரை?"

அவள் குனிந்து பார்த்தாள். மிதியடிக்கு அடியில் ஆக்சிலரேட்டருக்கு நேரே ஒரு ரப்பர் கட்டை தைத்திருந்தது. பெடல் பாதி வழியிலேயே அதில் முட்டி நின்றது. அண்ணன் கால் வைத்திருந்தது தரையில் அல்ல, குருவின் தொழிலில்.

கார் கீழே வந்ததும் அறுக்கும் மெஷின் சுழலத் தொடங்கியது. தங்கை இறங்கி அண்ணியின் காதில் நாலு வார்த்தை சொன்னாள். அண்ணி எழுந்தாள், நாற்காலியைத் தூக்கி வந்து காருக்கு முன்னால் போட்டாள், உட்கார்ந்தாள்.

"அம்மா, நகருங்க. எஞ்சின் கோவிச்சுக்கும்" என்றார் குரு.

"கோவிச்சுக்கட்டும். நான் கோவிச்சா பிரசவம் இங்கேயே ஆகும்."

மெஷின் நின்றது.

"பெருசா ஒண்ணும் கேக்கல" என்றாள் தங்கை. "பழைய குழாய் அப்படியே இருக்கட்டும். மிதியடியை மட்டும் எடுத்துட்டு இன்னொரு தடவை ஓட்டுவோம்."

"மிதியடிக்கும் வேகத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லேன்னா எடுக்க ஏன் யோசிக்கிறீங்க?"

"பொம்பளப் புள்ளைக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்" என்று கூட்டத்தில் ஒரு குரல். "எங்க, ஓட்டித்தான் பார்க்கட்டுமே" என்று இன்னொன்று. வேடிக்கை என்றால் விடுவார்களா?

அண்ணன் ஓட்டினான். மச்சானுக்கு ஒலிபெருக்கி கையில் இருந்தது, வாய் இல்லை. பல் டாக்டர்தான் கடிகாரத்தைப் படித்தார்.

"பதினாலு."



"டாக்டர், குழாய் மாத்தினப்புறம் உங்க காரு எத்தனை?"

"பதினாறு. மாத்துறதுக்கு முன்னாடி இருபது. ஆனா அப்ப அந்த மிதியடி…" அவர் முடிக்கவில்லை. தானே மிதியடியை வாங்கித் தன் காலடியில் போட்டுக்கொண்டு, ஐம்பது மில்லிக் குழாயோடு ஏறினார். ஜன்னல்கள் அதிர்ந்தன. காதுகள் அடைத்தன. இருபத்தோரு நொடி.

குருவுக்குப் பதில் இல்லாமலில்லை. "இன்னிக்குக் காத்துல ஈரம். சந்தேகப்படுறவங்க பக்கத்துல நின்னா எஞ்சின் வாயைத் திறக்காது."

"சரி, சந்தேகமே படாத எஞ்சினைப் பார்ப்போம்" என்று தங்கை கொட்டகை ஓரம் நின்ற குருவின் சொந்தக் காரைத் திறக்கச் சொன்னாள். குரு சாவியைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். டாக்டர் பூட்டாத கதவைத் திறந்து விசையை இழுக்க, எஞ்சின் மூடி எழும்பியது. உள்ளே தொழிற்சாலையில் மாட்டிய குழாய், ஒல்லியாக, துருவோடு, யாரும் கை வைக்காமல் இருந்தது.

"இது எதுவும் கேக்கலையா குருவே?"

சிரிப்பு முதலில் பின்வரிசையில் கிளம்பியது. அது முன்வரிசைக்கு வருவதற்குள் மச்சானைக் காணோம். குழாய் மாட்டிக்கொண்டவர்கள் ஆறு பேரும் குருவைச் சூழ்ந்து, எங்கள் பழைய குழாயை வை என்றார்கள். பழைய குழாய் எல்லாம் துண்டு துண்டாகக் குப்பையில் கிடந்தது. அந்த அமளியிலும் ஒருத்தர் தங்கையின் பக்கத்தில் நைசாக வந்து, "அந்த ஆளு கிடக்கட்டும்மா. நீ கைராசிக்காரி போலிருக்கு. என் எஞ்சினைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்துச் சொல்லேன்" என்றார். அவள் அவர் கையில் பேனாவைக் கொடுத்து, சிலிண்டர் அளவை எழுதச் சொன்னாள். ஆள் நழுவிவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணிக்கு வலி வந்தது. பாதி மேட்டில் சிக்னல் சிவப்பாக விழுந்தது. பச்சை விழுந்ததும் வெள்ளைக் கார் திணறாமல், சத்தமில்லாமல் கிளம்பி ஏறியது.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாக்குது பாருங்க" என்றாள் அண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டே. "நீங்களும் கத்துக்கலாம்."

மகள் பிறந்தாள்.

அந்தக் கொட்டகைக்கு வந்து குருவின் காலில் குனிந்தவர்கள் நூறு பேருக்கு மேல். பெடலுக்குக் கீழே குனிந்தவள் ஒருத்தி. முதுகு எல்லாருக்கும் வளைகிறது ஐயா. அடுத்த தடவை வளைக்கும்போது கண்ணையும் திறந்து வையுங்கள்.