கடைசிப் பட்டன்

எங்கள் ஊருக்குள் பஸ்ஸைக் கொண்டுவராமல் தாடியை எடுப்பதில்லை என்று சபதம் போட்டேன். சிங்கப்பூரில் வேலை பார்த்தவன் என்பதால் ஊரும் நம்பியது.

பூதலூரிலிருந்து எங்கள் ஊர் வழியாகத் தஞ்சாவூருக்கு மினி பஸ் விட ஒரு கம்பெனி யோசித்தது. ஆன்லைன் சர்வேயில் போதுமான பேர் கடைசிவரை பதில் சொன்னால் பஸ் நமக்கு. இல்லையென்றால் பக்கத்து ஊருக்கு.

பக்கத்து வீட்டுக் கண்ணுசாமி அண்ணன் கதவைப் பாதி சாத்தினார்.

"சர்வேயா? போன சர்வேயில வரப்பு போனது போதும்."

"இது மனசை அளக்கிற சர்வேண்ணே."

"அதுக்கு என்கிட்ட பட்டா இல்ல, துரைராசு."

அவரையும் முடிக்க வைத்தேன். பாதியில் விட்டுவிட்டு நடவுக்குப் போனவர்களைச் சேற்றில் இறங்கித் துரத்தினேன். கடைசி நாள் சாயங்காலம் தெருவில் முடிக்காதவர் ஒரே ஒருவர்தான். என் மனைவி செவ்வந்தி. எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டுவிட்டு, கடைசிப் பட்டனை மட்டும் தட்டாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆறு மணிக்கு மூடிடுவான். தட்டிடேன்."

"தட்டலாம். 'பஸ் எதுக்கு வேணும்'னு கேட்டிருக்கான். வேலைக்குப் போகன்னு போட்டிருக்கேன். பொய்யா போயிடக் கூடாதுல்லங்க?"

தஞ்சாவூர் ஸ்கேன் சென்டரில் அவளுக்குக் கணக்கு வேலை காத்திருந்தது. போகவர பஸ் இல்லையே என்று சொல்லித்தான் நான் தட்டிக்கழித்து வந்தேன். நான் தட்டிக்கழித்ததற்கு அவள் தட்டாமல் பழிவாங்கினாள்.

"அதை அப்புறம் பேசலாம்."

"அப்ப இதையும் அப்புறம் தட்டலாம்."

வாசலில் ராமாயி அக்கா வந்து நின்றார். அவர் வீட்டுக்காரருக்கு வாராவாரம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. மழை பெய்தால் ஆட்டோ உள்ளே வராது.

"தம்பி, முடிஞ்சுதாப்பா?"

எனக்கு வேர்த்தது. போனில் சிக்னல் வேறு போய்ப் போய் வந்தது. ஆறாக இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"சரி, போ. வேலைக்குப் போ."

"அக்கா காதுல விழலைங்க."

வாசலுக்கு வந்து, ராமாயி அக்காவும் கண்ணுசாமி அண்ணனும் கேட்க, உரக்கச் சொன்னேன். செவ்வந்தி கையைத் துடைத்துக்கொண்டு பட்டனைத் தட்டினாள். ராமாயி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. உடனே கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் முடிச்சாச்சு சார். பஸ் வருமில்ல?"

"அது நேத்தே முடிவாயிடுச்சே சார். வேணுங்கிற ஆளு நேத்தே சேர்ந்தாச்சு. உங்க வீட்ல போன் பண்ணிக் கேட்டுக்கிட்டாங்களே, சொல்லலையா?"

நான் திரும்பிப் பார்த்தேன். செவ்வந்தி கீரையை அலசப் போயிருந்தாள்.

"மாசப் பாஸ் கூட அவங்கதான் முதல்ல கேட்டாங்க சார். உங்களுக்கும் ஒண்ணு போடவான்னேன். வேணாம், அவரு வீட்ல சமைக்கணும்னு சொல்லிட்டாங்க."