நாற்பத்து நான்காவது கையெழுத்து

கல்முனைக்குடி,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுத பின்.

கண்ணியத்துக்குரிய மச்சான் அர்ஹம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். றஹ்மானின் கிருபையால் இங்கே நானும் உங்கள் கூடப்பிறந்த ராத்தா றினோஸாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். டோஹா வெயிலில் நீங்களும் அவ்வாறே இருப்பீர்களென்று நம்பி, உடம்பு சுகமாயும் மனம் மட்டும் சுகமில்லாமலும் இருக்கிற நிலையில் இதை எழுதத் தொடங்குகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் சிரிக்கலாம். நீங்கள் கேட்டவற்றுக்கு முதலில் போனில் குரல் பதிவாகத்தான் பதில் அனுப்பினேன். பதினொரு நிமிடம் கதைத்திருந்தேன். அது உங்களுக்கு வராமல் எங்கள் மஹல்லாவில் சாவுச் செய்தி போடுகிற ஜனாஸா அறிவித்தல் குழுமத்துக்குப் போய்விட்டது. எங்கள் உதைபந்து அணியின் கீப்பரைப் பற்றி நடுவில் ஓரிடத்தில் "அவன் முடிஞ்சான்" என்று நான் சொல்லியிருந்ததைக் கேட்டு, மூன்று பேர் அந்தப் பையனின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய்விட்டார்கள். கதவைத் திறந்ததும் அவன்தான். ஆகவே இனி எனக்குக் கடுதாசிதான் சரி. உங்களோடு வேலை செய்யும் எங்கள் தெரு அஸ்பாக் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறார். அவர் கையில் இது வரும்.

அங்கேயுள்ள நமது ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கூடிக் கேட்கச் சொன்னதாக மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். நமது றைசிங் வேவ்ஸ் விளையாட்டுக் கழகம் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது, வலைக்கும் சேர்ட்டுக்கும் என்று நீங்கள் அனுப்பிய காசு என்னவாயிற்று, கழகத்தை உண்மையில் நடத்துவது யார். முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். கேட்ட ஒழுங்கில் பதில் தருவதுதான் என் பழக்கம். ஆனால் முதலாம் கேள்விக்குப் பதில் எழுதப்போனால் அது இரண்டாவதற்குள் பாய்கிறது, இரண்டாவது மூன்றாவதற்குள் பாய்ந்து மறுபடி முதலாவதாக வெளியே வருகிறது. வாய்க்காலென்றால் எந்த இடத்தில் மண் போட்டு அடைப்பது என்று எனக்குத் தெரியும். இதில் தெரியவில்லை, மச்சான்.

இந்தப் பருவத்தில் முதல் ஆறு ஆட்டத்தில் ஐந்தில் தோற்றோம். ஆறாவது மழையால் நின்றது, அதைத்தான் ஆட்கள் நல்ல ஆட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஆட்டம் போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, நாவிதன்வெளியிலிருந்து வந்த அணியோடு, எங்கள் கடற்கரை மைதானத்தில். நான் வழமைபோல முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். கொழும்பில் தைக்கக் கொடுத்த புது சேர்ட்டு அன்றுதான் வந்திருந்தது. நாங்கள் சொன்னது நீலம், வந்தது மண் சிவப்பு. நாவிதன்வெளி ஆட்களின் சேர்ட்டும் அதே மண் சிவப்பு. நடுவர் ஒரு அணி சேர்ட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றுவிட்டார். வேறு சேர்ட்டு யாரிடமும் இல்லை. எங்கள் பிள்ளைகள் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். உள்பக்கமும் சிவப்புத்தான், கொஞ்சம் வெளிறின சிவப்பு, இலக்கம் மட்டும் தெரியாது. அறுபத்து மூன்று வயதுக் கண்ணுக்கு இந்த வெளிறல் எப்படிப் பிடிபடும்? முதல் கோல் விழுந்ததும் எழும்பி நின்று கை தட்டினேன். இரண்டாவதுக்கும் தட்டினேன். அப்போதுதான் பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டு, "காக்கா, நீங்க யாருக்குத் தட்டுறீங்க?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல, "கோல் நல்ல கோல்தானே" என்றேன். அவர் எழும்பி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் இந்த மயக்கமென்றால் பரவாயில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதே மயக்கம். பாண்டிருப்பிலிருந்து வந்து எங்களுக்கு முன்வரிசையில் விளையாடுகிற கிசோக்கை ஆட்டம் முடிந்தபிறகு பிடித்து, "ஏன் மகன் இண்டைக்கு ஒண்டும் அடிக்கல்ல?" என்று கேட்டேன். அவன் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "காக்கா, எனக்கு மொத்தம் நாலு தரம் பந்து வந்த. அதில மூண்டு தரம் தந்தது அவங்கட ஆக்கள்" என்றான்.

இப்போது பாருங்கள், தோல்வியைப் பற்றி எழுதப்போய் சேர்ட்டுக்கு வந்துவிட்டேன், சேர்ட்டு உங்கள் காசு. சரி, வலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொருளாளர் இன்ஷாப் உங்கள் காசில் வலை வாங்கினார், அதை நான் கண்ணால் கண்டேன். ஆனால் அது அவருடைய சாச்சாவின் தோணியிலிருந்து வந்த மீன் வலை. கண் மிகவும் சிறிது, நெத்தலிகூடத் தப்பாது. அதையும் ஒரு பக்கத்துக் கோல் கம்பத்தில் மட்டும்தான் கட்டியிருந்தார். முதல் பாதியில் காற்று இல்லை, ஆகவே காகங்கள் வந்து குந்தியதைத் தவிர வேறு பிரச்சினை இல்லை. இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம் எங்களுக்கு வந்தது, கடல் காற்றும் கூடவே வந்தது. வலை தோணிப் பாய்போல ஊதிக் கம்பம் பின்னால் சாயத் தொடங்கியது. எங்கள் கீப்பர், மேலே சொன்னேனே அந்தப் பையன்தான், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பந்தைப் பிடிக்கப் பார்த்தான். நடுவர் ஓடி வந்து, "தம்பி, கம்பத்த விடு" என்றார். அவன், "விட்டா என்ட தலையிலதான் சேர் விழும், நீங்க புடிக்கிறீங்களா?" என்று கேட்டான். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கோல்கள் இப்படித்தான் விழுந்தன. எங்கள் கணக்கில் ஒன்றுமில்லை.

அடுத்த நாளே இன்ஷாபைக் கடைத்தெருவில் கண்டு, மற்றப் பக்கத்துக்கு ஏன் வலையே போடவில்லை என்று கேட்டேன். "காக்கா, எங்கட ஆக்கள் அடிக்கிற பக்கத்துக்கு இந்த வருஷம் வலை தேவப்படல்லயே" என்றார். பாதி நேரத்தில் பக்கம் மாறுமே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், அது ஒண்டு இரிக்கிதான்" என்றார். கணக்குக் கடுதாசியையும் காட்டினார். சேர்ட்டு, வலை, பஸ், தேத்தண்ணி எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் விடப் பெரிய தொகையொன்றுக்கு நேரே "இதர" என்று இருந்தது. இதர என்றால் என்ன என்று கேட்டேன். "இதர என்டா மத்தது" என்றார். மற்றது என்றால்? "அதுதான், இதர." முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கோப்புப் பார்த்த எனக்கு இதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை, மச்சான். அவர் கள்ளன் என்றும் என்னால் எழுத முடியாது, கதைக்கும்போது முகத்தில் கள்ளம் இல்லை. என்னைப் போலவே அவரும் குழம்பித்தான் இருக்கிறார் என்று தோன்றியது.

இனித் தலைமை. தேத்தண்ணிக் கடையில் கூடும் ஆதரவாளர்களிடம் போய்க் கேட்டால் தெளிவு வரும் என்று நினைத்துப் போனேன். ஒருவர் பயிற்சிதான் பிழை என்றார். காலையில் ஒருவர் வந்து முன்னேறு என்று பழக்குகிறாராம், மாலையில் இன்னொருவர் வந்து பின்னுக்கு நில் என்று பழக்குகிறாராம், பிள்ளைகள் நடுவில் நிற்கிறார்களாம். இன்னொருவர், தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியாரின் ஹாட்வெயார் கடையில் சீமெந்து வாங்குகிறவர்களின் மகன்மாருக்குத்தான் அணியில் இடம் என்றார். அப்படியானால் வீடு கட்டாதவனின் மகன் நன்றாக அடித்தாலும் வெளியேதானா என்று கேட்டேன். "ஓம், அதுக்குத்தான் என்ட மகன் வெளிய நிக்கான்" என்றார். ஆனால் அவர் மகனுக்கு ஏழு வயது. எப்படியோ, எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: ஒன்பது வருடம் இருந்துவிட்டார், ஸமட் ஹாஜியார் போக வேண்டும். மனு எழுதுவது என்று முடிவு. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "காக்காட எழுத்து முத்து முத்தா இரிக்கும்" என்றார்கள். அந்தப் புகழ்ச்சிக்கு மயங்கினேன் என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். சேர்ட்டு, வலை, பயிற்சி, இதர எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, கடைசியில் "ஆகவே தற்போதைய தலைவர் உடனடியாகப் பதவி விலக வேண்டும்" என்று அடிக்கோடிட்டு எழுதினேன். நாற்பத்து மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். முதல் கையெழுத்து, மகனுக்கு ஏழு வயது என்றேனே, அவருடையது.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் கழகக் கட்டடத்தில் வருடாந்தக் கூட்டம். ஹாஜியார் வந்தார், ஸலாம் சொன்னார், உட்கார்ந்தார். "மனு ஒண்டு இரிக்கி என்டு கேள்விப்பட்டன். எங்க?" என்று அவரே கேட்டார். மனு பின்வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. யாரும் இரண்டு வினாடிக்கு மேல் அதை வைத்திருக்கவில்லை. கடைசியாக என் கைக்கு வந்தது, எனக்கு அப்பால் அவர்தான். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் சத்தமாக வாசித்தார். சேர்ட்டைப் பற்றி வாசித்து, "உண்ம" என்றார். வலையைப் பற்றி வாசித்து, "இதுவும் உண்ம" என்றார். பதவி விலக வேண்டும் என்ற வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தார். பிறகு முன்னால் இருந்தவரிடம் பேனா வாங்கி, மனுவின் அடியில் தன் கையெழுத்தை வைத்தார். "நாப்பத்தி நாலாவது ஆள் நான்" என்றார்.

எல்லாரும் கழுத்தை நீட்டி அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்கள். பிறகு எங்கேயோ ஒருவர், "இப்பிடி ஒரு தலைவர் வேற எந்தக் கழகத்துக்கு வாய்ச்சிருக்கு!" என்று கத்தினார். அவ்வளவுதான், ஒரே கை தட்டல். ஹாஜியார் எழும்பி, "பொறுங்க, நான் சொல்ல வாறது என்னெண்டா" என்று தொடங்கினார், இன்னும் கூடுதலாகத் தட்டினார்கள். தலைவர் பதவிக்கு அவரையே ஒருவர் பிரேரித்தார். ஆமோதித்தவர் யார் தெரியுமா? முதல் கையெழுத்து வைத்தவர். எல்லாக் கையும் மேலே போனது. நான் சுற்றிப் பார்த்தேன், பிறகு மேலே பார்த்தேன், என் கையும் அங்கேதான் நின்றது. பத்தாவது வருடத்துக்கும் அவர்தான் தலைவர். வெளியே வந்து ஒருவரைப் பிடித்து, நாம் வென்றோமா தோற்றோமா என்று கேட்டேன். "வெண்டது காக்கா, மனுவ ஏத்துக்கிட்டார்தானே" என்றார்.

நாலு நாளாக யோசித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இது மிகப் பெரிய தந்திரம். தன்னை விலகச் சொல்லும் மனுவில் தானே கையெழுத்து வைக்கிற மனிதனை எந்த மனுவால் விலக்குவது? ஆகவே என் முடிவான அபிப்பிராயம்: ஸமட் ஹாஜியார் இருக்கும்வரை கழகம் கரை சேராது, நீங்கள் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம், அங்கேயுள்ள பிள்ளைகளுக்கும் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். வருகிற சனிக்கிழமை கடைசி ஆட்டம், தோற்றால் கீழே 'பி' பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். நான் போகமாட்டேன். இனி அந்த மைதானத்துப் பக்கமே என்னைக் காணமாட்டார்கள்.

உங்கள் உழைப்பிலும் பிள்ளைகளின் படிப்பிலும் அல்லாஹ் பறக்கத்தைச் சொரிவானாக. வெயிலில் நிற்கும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள் என்று ராத்தா சொல்லச் சொன்னா. உங்கள் துஆவில் எங்களையும், கழகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழகத்தை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும் மச்சான்,
மீ. இப்றாலெப்பை,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்.

பி.கு: இது புதன்கிழமை எழுதுவது. மேலே மூன்றாம் கேள்விக்கு நான் எழுதிய பதிலை வாசிக்க வேண்டாம். வாசித்திருந்தால் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். இன்று காலை ஒன்பது மணிபோல ஸமட் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். உங்கள் ராத்தா சந்தைக்குப் போயிருந்தா. முன் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, "காக்கா, மனுவ எழுதினது நீங்கதானே. எழுத்தக் கண்டதும் தெரிஞ்சி" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் ஹாஜியார் என்றேன்.

"மன்னிப்பா? மூணு வருஷமா நான் இதத்தான் கேட்டுத் திரியிறன். விட்டுட்டுப் போகப்போறன் என்டு கூட்டத்துல சொன்னா, மனுசன் என்ன பணிவு என்டு தட்டுறானுகள். எனக்கு சீனி வருத்தம், மருந்து குடிக்கிறன், கடையப் பாக்க நேரமில்ல, வீட்டுல என்ட பொஞ்சாதி ஆயிஷா உம்மா என்னோட கதைக்கிறல்ல. உங்கட மனுவக் கண்டதும், அல்ஹம்துலில்லாஹ், வழி ஒண்டு பொறந்திட்டு என்டுதான் நானும் கையெழுத்து வச்ச. அதுக்கும் தட்டிட்டானுகள் காக்கா!"

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது, மச்சான். நடிப்பில்லை. "இன்னொண்டு எழுதித் தாங்க. இந்தத் தரம் மோசமா எழுதுங்க. நான் களவெடுத்த என்டும் போடுங்க, பரவாயில்ல" என்றார். நான் உள்ளே போய்க் கடுதாசியும் பேனாவும் எடுத்து வந்தேன். உங்களுக்கு எழுதியதைப் பார்த்து எழுதினாலே போதும், அவ்வளவு மோசமாக அதில் இருந்தது. ஆனால் பேனாவைத் திறந்துவிட்டு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால், "ஹாஜியார், நீங்க போனா வேற யாரு இரிக்கா? இந்த ஒரு வருஷம் மட்டும் இருங்களன்" என்று ஒரு குரல் கேட்டது. அது நான்தான். வீட்டில் வேறு யாரும் இருக்கவில்லை.

அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி வைத்தார். பிறகு எழும்பி, "சனிக்கிழம மேட்ச் எத்தின மணிக்கு?" என்று என்னிடம் கேட்டார். தலைவர் அவர், கேட்பது என்னிடம். "நாலு மணிக்கு. வெள்ளன வாங்க, நான் இடம் புடிச்சி வைக்கன்" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.