அலமாரிக்குள் ஏன் ஓடுகிறாள்?

"டைரக்டர் தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல," என்று இடைவேளையில் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார் வினியோகஸ்தர். "பேய் இருக்கறது அலமாரிக்குள்ள. அது அந்தக் குழந்தைக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி அதே அலமாரிக்குள்ள ஓடுது?"

டைரக்டருக்கு இது வருஷக்கணக்காக உதவி இயக்குநர் என்ற பெயரில் நாற்காலி தூக்கிவிட்டு எடுத்த முதல் படம். மற்ற வினியோகஸ்தர்கள் எல்லாம் "பார்க்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள். இவர்தான் கடைசி. இவரும் கைவிரித்தால் திங்கட்கிழமை முதல் மாமாவின் குழாய்க் கடை. மாமா நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார்.

"அது ஒரு குறியீடு சார்."

"குறியீட்டுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? லாஜிக் இடிக்குது. படம் முடியறதுக்குள்ள பதில் சொல்லுங்க, வாங்கிக்க..."

சொல்லி முடிக்கவில்லை. "ஐயோ!" என்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். தரையில் ஒரு கரப்பான் போய்க்கொண்டிருந்தது. முதல் பாதி முழுக்க அந்த அரங்கில் பேயைப் பார்த்து யாரும் அவ்வளவு உண்மையாக அலறவில்லை.

அரங்கைப் பெருக்குகிற அம்மா ஓடிவந்து அதை ஒரே போடாகப் போட்டாள். "என் துடைப்ப அலமாரியிலேர்ந்து வந்திருக்கும் சார். உள்ள ஒரு ஊரே குடியிருக்கு."

"அந்தப் பக்கமே நான் வரமாட்டேன்மா," என்றார் வினியோகஸ்தர், காலை இறக்காமல்.

கேள்வி நியாயமானதுதான். கோளாறு என்னவென்றால், பதில் டைரக்டருக்கே தெரியாது. சின்ன வயதில் அவனே அப்படித்தான் வீட்டு அலமாரிக்குள் ஓடிக்கொண்டிருந்தான். உள்ளே பேய் இருக்கிறது என்று உறுதியாக நம்பிக்கொண்டேதான் ஓடினான். பையனைப் பெண் குழந்தையாக மாற்றி அப்படியே படமாக எடுத்துவிட்டான். இனி ஒருத்தருக்கும் தெரியாது என்று தைரியம்.

அந்தத் தைரியத்தில்தான் குடும்பத்தையே படம் பார்க்கக் கூட்டிவந்திருந்தான். வேறு வழியும் இல்லை. ஜனம் கத்தினால்தான் பேய்ப் படத்தின் லட்சணம் தெரியும் என்று வினியோகஸ்தர் கறாராகச் சொல்லியிருந்தார். நண்பர்களைக் கூப்பிட்டால் எல்லோருக்கும் அன்றைக்கென்று ஜுரம். சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஏனோ ஜுரமே வருவதில்லை.

"பேய் வர்றப்ப எல்லாரும் ஐயோன்னு கத்தணும்," என்று சொல்லிக்கொடுத்திருந்தான்.

பேய் வந்தது. "பாவம், எப்படி இளைச்சுப் போயிருக்கு பாரு," என்றாள் அம்மா. அடுத்த தடவை வந்தபோது சித்தப்பா குறட்டை விட்டார்; பேயின் உறுமலைவிட அது நன்றாகவே இருந்தது. ஆனால் படத்தில் வருகிற ஓர் அத்தை, நடுங்குகிற குழந்தையிடம், "பக்கத்து வீட்டுப் பொண்ணு எவ்வளவு மார்க்கு?" என்று கேட்டதுமே நிஜ அத்தை "ஐயோ!" என்று கத்திவிட்டாள்.

இடைவேளை முடிவதற்குள் சமாதானம் செய்துவிடலாம் என்று அத்தையிடம் ஓடினான்.

"அது நீங்க இல்ல அத்தை. சும்மா கற்பனை."

"என் கண்ணாடி, என் கைப்பை, என் இருமல்கூட அப்படியே இருக்கு. கற்பனையாம்!"

"சத்தியமா இல்ல. அது..." அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "அது பெரியம்மாவை வச்சு எழுதினது."

பெரியம்மா சரியாகப் பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் பாதியை யாரும் பார்க்கவில்லை. திரையில் ஒரு குடும்பம் சண்டை போட்டது. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம் சண்டை போட்டது. இந்தப் பக்கத்தில் வசனம் இன்னும் கூர்மை. திரையில் குழந்தை அழுதுகொண்டே அலமாரிக்குள் ஓடியது. வினியோகஸ்தர் திரும்பி டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் கூரையைப் பார்த்தான்.

பொறுக்க முடியாமல் முன்வரிசைக்குக் குனிந்தே ஓடினான். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கொஞ்சம் அடக்கி வாசிங்க. கடைசி வரிசையில இருக்காரே, அவர் கையிலதான் என் வாழ்க்கையே இருக்கு!"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளையின் வாழ்க்கை யார் கையில் என்று தெரிந்தபின் எந்தக் குடும்பம் சும்மா உட்காரும்? விளக்கு எரிந்ததும் அத்தனை பேரும் போய் அவரை வளைத்துக்கொண்டார்கள்.

"படத்துல வர்ற அம்மா நான் இல்லைங்க," என்றாள் அம்மா. "நான் இவனை ஒரு வார்த்தை திட்டினதில்ல. டேய், சொல்லேன்டா! மரம் மாதிரி நிக்கறான் பாருங்க!"

"நான் மார்க்கு கேட்டதெல்லாம் ஒரு அக்கறையிலதான்," என்றாள் அத்தை. "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா? என்ன பண்றாங்க? இன்னும் கல்யாணம் ஆகலையா? ஏன்?"

"முடி எப்பலேர்ந்து கொட்டுது?" என்று விசாரித்தாள் பெரியம்மா.

தூங்கி எழுந்த தெம்பில் சித்தப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உக்காருங்க. உங்க தொழிலை எப்படி நடத்தணும்னு நான் சொல்றேன்."

"போன்... போன் வருது," என்று அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வினியோகஸ்தர் நடைவழியில் ஓடினார். குடும்பமே பின்னால் ஓடியது. கொஞ்ச நேரத்தில் கையை விரித்துக்கொண்டு திரும்பிவந்தது.

"ஆளையே காணோம். மரியாதை தெரியாத மனுஷன்," என்றாள் பெரியம்மா.

"நல்லவேளை, இவர்கிட்டப் படத்தைக் கொடுக்கல," என்றாள் அத்தை. இருவரும் அதற்குள் ராசியாகிவிட்டிருந்தார்கள்.

டைரக்டர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். எல்லாம் போயிற்று. "மாமாவுக்குப் போன் போடும்மா," என்றான். "திங்கட்கிழமை வர்றேன்னு சொல்லிடு."

"இதைத்தானே நான் அப்பவே சொன்னேன்!" என்று அம்மா சந்தோஷமாகக் கைப்பையில் போனைத் தேடினாள்.

பெருக்குகிற அம்மா வெறுங்கையோடு வேகமாக வந்தாள்.

"தம்பி, உங்க பெரிய சார் என் துடைப்ப அலமாரிக்குள்ள உக்காந்திருக்காரு. கரப்பான் இருக்கு சார், வெளிய வாங்கன்னா, பரவாயில்ல கதவைச் சாத்துங்கறாரு. அந்தக் குழந்தை ஏன் ஓடுதுன்னு புரிஞ்சுடுச்சாம், படத்தை வாங்கிக்கறாராம்."