எழுந்தவர் எழுந்தவரே

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அக்கா நலம், வீடும் நலம். வீட்டின் நலத்தை ஏன் தனியாக எழுதுகிறேன் என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. தூக்குங்கள், நன்றாகத் தூக்குங்கள். அங்கே தாங்களும், தங்கள் சொந்த வீடும், நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று தாங்கள் பூட்டி வைத்திருக்கும் தரைத்தளப் போர்ஷனும் சௌக்கியமா? ஒரே ஊரில் இருந்துகொண்டு போன் செய்யாமல் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

ஜெயித்துவிட்டோம் மச்சான்! வாடகைக் கட்டுப்பாடு தொடரும் என்று மாநகராட்சி மன்றம் நேற்று தீர்மானம் போட்டுவிட்டது. "இந்தத் தடவை அந்தச் சட்டம் அவ்வளவுதான் அத்தான், இப்பவே மூட்டை கட்ட ஆரம்பிங்க, சொந்த வீடு வாங்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே கேட்டீங்களா" என்று போன மாதம் என் வீட்டிலேயே உட்கார்ந்து, என் டீயையே குடித்துக்கொண்டு சொன்னீர்களே, அந்த வாய்க்கு இன்று சர்க்கரை போட வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் அப்படிச் சொல்லியிராவிட்டால் எனக்கு ரோஷம் வந்திருக்காது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். இந்தச் சட்டத்துக்கு ஆயுள் கெட்டி கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மன்றத்தில் விவாதித்துத் 'தொடரலாம்' என்று சொன்னால்தான் உயிரோடு இருக்கும். சொல்லாவிட்டால் மறுநாளே வீட்டுக்காரர் வாய்க்கு வந்த வாடகையைக் கேட்கலாம், கொடுக்க முடியாதவன் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எங்கள் கட்டடத்துக்கே அந்தக் கதிதான். என் பென்ஷனுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வேறு எங்கே வீடு கிடைக்கும்? தரைத்தளத்துத் தையல்காரர் வீடும் கடையும் ஒரே அறையில் நடத்துகிறவர், மிஷினைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போவார்? எங்கள் வீட்டுக்காரரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. எந்த ரிப்பேரைச் சொன்னாலும் "நாளைக்கு" என்பார் என்பதால் கட்டடத்தில் அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயர். எங்கள் சமையலறைக் குழாய் ஒழுகி ஒழுகி, கீழே வைத்த பக்கெட் சமையலறைச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. அது சொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் அது என் வீடு மச்சான். அந்த ஜன்னலோரத்து நாற்காலி என் நாற்காலி. யாரோ பட்டனைத் தட்டி அதிலிருந்து என்னை எழுப்புவதா?

உடனே சங்கம் ஆரம்பித்தோம். தையல்காரர் செயலாளர், நான் தலைவர், உங்கள் அக்கா எதிர்க்கட்சி. "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை, பிரஷர் இருக்கு, பேசாம இருங்க" என்று ஒரே பாட்டு. கூட்டம் போட அவள் வீட்டில் இடம் தர மறுத்துவிட்டதால் மாடிப்படியிலேயே கூட்டம் நடந்தது. அவளும் கடைக்குப் போய்த் திரும்பும்போது எங்களைத் தாண்டித்தான் ஏற வேண்டும். ஒரு நாளாவது நின்று என்ன ஏது என்று கேட்டாளா? இல்லை. ஆனால் இரண்டாவது மாடி நர்ஸம்மா வீட்டு வாசலில் தொட்டிச் செடிகள் இருக்கின்றன, அவற்றை மட்டும் தினமும் ஐந்து நிமிஷம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று ரசித்துவிட்டுத்தான் மூன்றாவது மாடிக்கு, எங்கள் வீட்டுக்கு வருவாள். புருஷன் புரட்சி செய்கிறான், இவளுக்குச் செடி.

பேனர் தயாரிப்பைத் தையல்காரர் ஏற்றுக்கொண்டார். மீந்த திரைச்சீலைத் துணியில் எழுத்துகளை வெட்டி ஒட்டித் தைத்து, ஓரம் மடித்து, பிரமாதமாகச் செய்தார், ஆனால் பழக்க தோஷத்தில் இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்துவிட்டார். "ஏன்யா பேனருக்குப் பாக்கெட்?" என்றேன். "கை போற போக்குல வச்சுடுச்சு சார், இருக்கட்டும், உதவும்" என்றார். உதவத்தான் செய்தது. மன்ற வாசலில் காவலாளி தின்பண்டம் உள்ளே போகக்கூடாது என்று எல்லாருடைய பையையும் சோதித்தார், பேனரின் பாக்கெட்டைச் சோதிக்க அவருக்குத் தோன்றவில்லை. பிஸ்கட் முழுவதும் அதில் போயிற்று.

மன்ற மண்டபம் பெயருக்குத்தான் மண்டபம். பார்வையாளர் பகுதியில் பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் சத்தம் மட்டும் போடும் மின்விசிறி. கவுன்சிலர்கள் மேஜையில் ஓட்டுப் போடும் பட்டன் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அந்தக் கருவி கெட்டுப் போய் நாளாயிற்றாம், அதனால் ஆதரிப்பவர் எழுந்து நிற்க வேண்டும், மன்றச் செயலர் தலையை எண்ணுவார், அதுதான் ஓட்டு. அன்றைக்கு முதல் விஷயமாக ஒரு பஸ் நிறுத்தத்தை இடம் மாற்றும் தீர்மானம் வந்தது. அதில் ஒரு கவுன்சிலர், கட்டட கான்ட்ராக்டர், விரல் கொள்ளாத மோதிரம், ஒரு பக்கத்தைப் பார்த்து எழுந்தார், இன்னொரு பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தார், மறுபடி பாதி எழுந்தார். செயலர் எண்ணி எண்ணிக் களைத்துவிட்டார். மேயர் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்து மேஜையைத் தட்டினார்: "இனிமே இந்த உட்கார்ந்து எந்திரிக்கிற வேலையே வேணாம். இன்னைக்கு எழுந்தவர் எழுந்தவரே. அப்புறம் உட்கார்ந்தாலும் எழுந்த கணக்குதான்." அந்த வாய்க்கும் சர்க்கரை போட வேண்டும்.

அடுத்து எங்கள் விஷயம். முதலில் வீட்டுக்காரர்கள் சார்பில் எங்கள் 'நாளைக்கு' பேசினார். நியாயத்தை மறைக்கக்கூடாது மச்சான், நன்றாகத்தான் பேசினார். வரியும் சிமென்டும் ஏறுகிறது, வாடகை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது, கூரை ஒழுகினால் நான் எதைக் கொண்டு அடைப்பேன் என்றார். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. பிறகு பக்கெட் ஞாபகம் வந்தது, பாவம் போய்விட்டது.

என்னை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். நான்கு பக்கம் பேச்சு எழுதி வைத்திருந்தேன். பையில் கையை விட்டால் பேச்சு இருக்கிறது, மூக்குக் கண்ணாடி இல்லை! வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. தையல்காரர் பின்னாலிருந்து "சும்மா பேசுங்க சார், உங்களுக்கு இல்லாத மைக்கா" என்கிறார். உண்மைதான், முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்த குரல் இது. ஆனால் அந்த முப்பது வருஷம்தான் காலை வாரிவிட்டது. மைக்கைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்றது. மண்டபமே கப்சிப். பார்வையாளர் பகுதியில் ஒருவர் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து பையைத் தேடினார். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், கூரையே இடிந்து விழும் போலிருந்தது. எனக்கும் வீம்பு வந்துவிட்டது. சிரிக்கிறீர்களா, சிரியுங்கள் என்று அதே குரலில் தொடர்ந்தேன்: "மூன்றாவது மாடியிலிருந்து தெருவுக்குச் செல்லும் குடும்பம், இந்த மன்றம் சிறிது நேரத்தில் எடுக்கப்போகும் முடிவின்படி, புறப்படத் தயாராக உள்ளது. தரைத்தளத்துத் தையல் மிஷினும் அதே வண்டியில் செல்லும். இந்த வண்டி எந்த நிலையத்திலும் நிற்காது. ஏற்படும் சிரமத்திற்கு வருந்துபவர்கள் எழுந்து நிற்கவும்." சிரிப்பு நின்றுவிட்டது. தையல்காரர் பேனரின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேயர் அம்மா ஓட்டுக்கு விட்டார். "கட்டுப்பாடு தொடரணும்கிறவங்க எழுந்து நில்லுங்க." ஒருவர் எழுந்தார், இருவர் எழுந்தார்கள், அப்படியே ஒரு பக்கம் முழுவதும் எழுந்தது. செயலர் பென்சிலை நீட்டி எண்ணினார். இரண்டு தலை குறைகிறது மச்சான்! இரண்டே இரண்டு! எதிர் வரிசையில் அந்த மோதிரக் கான்ட்ராக்டரும், பக்கத்தில் வீட்டுப் புரோக்கர் ஒருவரும் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, நாற்காலியில் பசை தடவியதுபோல உட்கார்ந்திருக்கிறார்கள். 'நாளைக்கு' முகத்தில் தீபம் எரிகிறது. செயலர் வாயைத் திறக்கப் போகிறார்.

அப்போது கதவு திறந்தது. உங்கள் அக்கா! கையில் என் கண்ணாடிக் கூடு, தோளில் பை, காலை ஒரு மாதிரி சாய்த்து வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். எந்தப் பார்வை என்று உங்களுக்குத் தெரியும், உங்களை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்த அதே பார்வை. ரிடையர் ஆனாலும் கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர்தான். மறுகணம் அந்தக் கான்ட்ராக்டரும் புரோக்கரும் விசையை அழுத்தியதுபோல எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே ராகத்தில், "வணக்கம் டீச்சர்!" என்றார்கள். மேயர் அம்மாவே பாதி எழுந்து, பதவி ஞாபகம் வந்து, கழுத்துச் சங்கிலியைச் சரி செய்வதுபோல மெதுவாக உட்கார்ந்தார். அவரும் இவளிடம் படித்தவர்தானாம்!

"உட்காருங்கப்பா" என்றாள் உங்கள் அக்கா, பழக்கத்தில். அவர்களும் உட்காரப் போனார்கள். செயலர் பென்சிலால் மேஜையைத் தட்டினார்: "இன்னைக்கு எழுந்தவர் எழுந்தவரே! எண்ணியாச்சு, தீர்மானம் நிறைவேறிடுச்சு!"

கான்ட்ராக்டர் அலறினார். "அய்யய்யோ, நான் ஓட்டுக்கு எழுந்திருக்கல, டீச்சருக்கு எழுந்தேன்!"

"யாருக்காக எழுந்தீங்கன்னு விதியில கேள்வி இல்ல" என்றார் மேயர் அம்மா, டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

உங்கள் அக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள், பிறகு கான்ட்ராக்டரைப் பார்த்தாள். "எதுக்குடா எழுந்தே? ஏழைங்க வாடகை ஏறக்கூடாதுன்னா?"

அந்த மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. டீச்சர் முன்னால் 'இல்லை' என்று எப்படிச் சொல்வார்? "ஆ... ஆமாம் டீச்சர்."

"அப்ப நிமிர்ந்து நில்லு. இன்னும் அந்தக் கூன் போகலியா உனக்கு?"

மண்டபம் அதிர்ந்தது! தையல்காரர் பேனரை எனக்குப் போர்த்திவிட்டார், நான் அதன் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு ராஜா மாதிரி வெளியே வந்தேன். கட்டடம் முழுவதும் மாடிப்படியில் உட்கார்ந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டோம். தையல்காரர் சம்சாரம் அழுதுகொண்டே சிரித்தாள். 'நாளைக்கு' வந்து எனக்குக் கை கொடுத்து, "ஜெயிச்சுட்டீங்க, நாளைக்கு வந்து உங்க குழாயை மாத்திடறேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். இனி இந்த வீட்டை விட்டு என்னை யாராலும் அசைக்க முடியாது மச்சான். சொந்த வீடு வாங்கு, சொந்த வீடு வாங்கு என்று உயிரை எடுத்தீர்களே, இப்போது சொல்லுங்கள், யார் வீடு கெட்டியான வீடு?

தங்கள் துணைவியாருக்கு என் விசாரிப்புகள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, உயர்ந்து, பெரிய பதவிகளில் அமர்ந்து, டீச்சரைக் கண்டால் எழுந்து நிற்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியை விட்டு நகராத,
உங்கள் அத்தான்.

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் உங்கள் அக்கா இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "நான் எதுக்கு அங்க வந்தேன்னு நினைச்சீங்க?" என்றாள். கண்ணாடி கொடுக்க என்றேன். "கண்ணாடி ஒரு சாக்கு. 'சண்டை போட்டது போதுங்க, நாமளே காலி பண்ணிடலாம், வாங்க'ன்னு சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள இந்தப் பசங்க எழுந்து நின்னுட்டாங்க. எனக்கு இந்த மாடி ஏற முடியலீங்க. முட்டி போயிடுச்சு." நான் விடாமல், "தினமும் ரெண்டாவது மாடியில செடியை ரசிக்கிறே, நல்லாத்தானே ஏறுறே?" என்றேன். "அது பிளாஸ்டிக் செடிங்க" என்றாள். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் வண்டி எப்போது வரும் என்று சொன்னவனுக்கு, வீட்டில் இருக்கும் ஒருத்திக்கு வலி வந்தது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது மச்சான். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "ரிடையர் ஆனதுக்கப்புறம் இப்பத்தான் உங்க முகத்துல ஒரு களை. அதை எப்படிக் கெடுக்கிறது?" என்றாள்.

ஆகவே வருகிற மாதம் ஒன்றாம் தேதி இந்த வீட்டைக் காலி செய்கிறோம். தையல்காரர் தம்பி குடும்பம் இங்கே வருகிறது, அதே பழைய வாடகை, ஆகையால் வெற்றி வீண் போகவில்லை. குழாய் இன்று காலை சரியாகிவிட்டது. முதல் தடவையாக 'நாளைக்கு' என்றது நாளைக்கே நடந்தது. நாங்கள் குடி வரப்போவது தங்கள் தரைத்தளப் போர்ஷனுக்கு. உங்களைக் கேட்க வேண்டாமா என்றேன். "தம்பியைக் கேட்கறதாவது, சொன்னாப் போதும்" என்றாள். தங்கள் வீடும் மாநகராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது, நேற்றைய தீர்மானம் அதற்கும் செல்லும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அங்கே வந்ததும் வாடகைதாரர் சங்கம் ஆரம்பிக்கிறேன், பேனர் கைவசம் இருக்கிறது. வாடகை விஷயமாக உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லலாம், ஓட்டுக்கு விடுவோம். உங்கள் அக்கா உள்ளே நுழையும்போது மட்டும் உட்கார்ந்தே இருங்கள் பார்ப்போம்.