பூச்சடையும் பென்சில் செல்லும்

வீட்டில் முதலில் படித்தவனாகப் பிறக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மிக்ஸியிலிருந்து மூக்குக் கண்ணாடி வரை எல்லாம் என் தேர்வு. இதில் பெருமையெல்லாம் முதல் ஒரு வருஷம்தான். அப்புறம் வெறும் அலுப்பு.

டிஜிட்டல் கேமராவும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. அதுவரை எங்களிடம் இருந்தது ஃபிலிம் கேமரா. ஒரு ரோல் தீர்வதற்குள் இரண்டு பொங்கல் வந்துவிடும். அரக்கோணத்தில் கொடுத்துக் கழுவி வாங்கினால் பாதிப் பேருக்குத் தலை இருக்காது. என் அக்கா மகனுக்குத் திருத்தணி மலையில் முதல் மொட்டை என்று முடிவானதும், இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்றாள் அக்கா. அவள் கேட்டது ஒரே ஒரு படம்: முடி இறக்குவதற்கு முன், பிள்ளை பூச்சடையோடு. (பையனே ஆனாலும் மொட்டைக்கு முன் சவுரி வைத்துச் சடை பின்னி, பூத் தைத்துப் படம் எடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.)

ஒரு மாதம் ஆராய்ந்தேன். மலிவானதில் நம்பிக்கை இல்லை, உசத்தியானதற்கு வசதி இல்லை. நடுத்தர விலையில் சென்னைக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் சார்ஜ் ஏற்றும் பேட்டரி. இன்னொன்றில் சாதாரண பென்சில் செல். மலைமேல் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது? பென்சில் செல் என்றால் பெட்டிக் கடையில்கூடக் கிடைக்குமே. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. (சிந்தித்து முடிவெடுக்கிறவன் அல்லவா.)

அன்று கிருத்திகைக் கூட்டம். கனகம்மாசத்திரத்தில் வேன் ஏறியதிலிருந்தே கேமரா கை மாறிக்கொண்டிருந்தது. எடுத்த படம் உடனே பின்னால் தெரிகிறது என்பதே எங்கள் ஆட்களுக்குத் திருவிழா. நைனா (எங்கள் அப்பா) வழி நெடுகத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மலைமேல் சடை தைத்து முடிப்பதற்குள் படம் எடுக்கிறவர் ஒருவர் வந்து, எடுக்கட்டுமா என்று கேட்டார். சொந்தக் கேமரா இருக்கிறது என்று கம்பீரமாகத் திருப்பி அனுப்பினேன். பிறகு பொத்தானை அழுத்தினேன். லென்ஸ் மூக்கை நீட்டியது, எங்களைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது.

வழியெல்லாம் படம் பார்த்ததில் செல் தீர்ந்திருந்தது. ஓடினேன். பெட்டிக் கடையில் செல் கிடைத்தது, நான் கணித்தபடியே. ஆனால் அது சுவர்க் கடிகாரத்துக்கு உழைக்கப் பிறந்த செல். போட்டதும் மூக்கு நீண்டது. மறுபடி உள்ளே போனது. இன்னொரு கடை, இன்னொரு ஜோடி, அதே மூக்கு. நான் திருப்பி அனுப்பிய படக்காரரையும் கூட்டத்தில் காணோம்.

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன், அதாவது நான்.

"பின்னால ஜனம் நின்னுகினு கீது. உக்காரு தம்பி" என்றார் முடி எடுக்கிறவர்.

சவுரியைப் பூவோடு கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் தலையை நனைத்தார். என் வேட்டியும் நனைந்தது. அக்கா கத்தவில்லை. "ஒண்ணுதானேடா கேட்டேன்" என்றாள். கத்தியிருக்கலாம்.

பாவா, அதாவது அக்கா புருஷன், குனிந்து என் காதருகே வந்தார். "விடு மச்சான். முடி வளர்ற வரைக்கும் அது மூக்கை நீட்டறதைப் பாத்துகினு இருக்கலாம்."

தரிசனம் முடிந்து கீழே இறங்கியதும் பஜாரில் ஒரு ஃபேன்சி கடைக்காரர், கேமரா கரண்டை அதிகம் இழுக்கும், இதற்கென்று ஆல்கலைன் செல் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். மூக்கு நீண்டது. நின்றது. யாருக்கும் சந்தோஷம் வரவில்லை.

அக்கா மட்டும் மகனை வேன் படிக்கட்டில் உட்கார வைத்தாள். சந்தனம் பூசிய மொட்டையில் அந்த வாடிய பூச்சடையை வைத்து, ரிப்பனால் தாடையோடு சேர்த்துக் கட்டினாள்.

"எடு."

"அக்கா, சந்தனம் தெரியுது."

"எடுடா."

எடுத்தேன். பளிச்சென்று வந்தது, அதுதான் கஷ்டம். சந்தனத்தின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது.

மருமகனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது. படம் இன்னமும் அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் உற்றுப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்.

"மொட்டைக்கு முன்னாடி எடுத்தது" என்பாள் அக்கா, கண் இமைக்காமல். பிறகு என் பக்கம் திரும்புவாள்.

"ஆங், முன்னாடிதான்" என்பேன் நான்.

பாவா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் போவார். அவர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆகும்.