புத்தகத்தில் இல்லாத மழை

பூகோள ஆசிரியர்களில் ஒரு வகை உண்டு. உலகம் முழுவதும் அவருக்கு அத்துப்படி, தன் வீட்டு வாசலைத் தவிர. நீங்களும் அவரிடம் படித்திருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் பிள்ளை இப்போது படித்துக்கொண்டிருக்கும். கையில் ஒரு பிரம்பு, அடிப்பதற்கல்ல, பாலைவனங்களைத் தொட்டுக் காட்டுவதற்கு. கக்கத்தில் மூலை மடிந்த பாடநூல். சட்டைப்பையில் சிவப்புப் பேனா. எதைப் பேசினாலும் "சராசரியா பாத்தா" என்று ஆரம்பிக்கும் வாய். இத்தனையும் ஒரே உருவத்தில் வகுப்புக்குள் நுழைந்தால் சந்தேகமே வேண்டாம், அவரேதான்.

இந்தக் கதையில் வருகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சராசரி சார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சராசரி சாரின் கொள்கை எளிமையானது. புத்தகம் ஒன்று சொல்லி, ஜன்னல் வேறொன்று காட்டினால், ஜன்னல் பொய் சொல்கிறது. ஒருமுறை ஒரு பையன் எழுந்து, தன் மாமா வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை இருப்பதாகச் சொன்னான். சார் வரைபடத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் பச்சை நிறம்.

"அது சமவெளிப்பா."

"லீவுல ஏறினோம் சார். முட்டி எல்லாம் சிராய்ச்சுப் போச்சு."

"உக்காரு."

பையன் உட்கார்ந்தான். மலையும் அன்றோடு சமவெளியாகிவிட்டது.

வீட்டிலும் இதே கதைதான். மின்விசிறி நின்றுபோன ஒரு மத்தியானம், "வேர்க்குதுங்க" என்று மனைவி சொன்னபோது, "இது மிதவெப்ப மண்டலம்மா" என்று ஆறுதல் சொன்னவர் அவர். பதினோரு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த மைத்துனர், போன இடத்தில் குளிர் எலும்பைக் கடித்தது என்று சொல்லப்போக, அங்கே குளிரே கிடையாது என்று அட்டவணையைத் திறந்து காட்டி, அந்த மனிதர் பதினோரு வருடமும் தேவையில்லாமல்தான் நடுங்கியிருக்கிறார் என்று நிரூபித்தவரும் அவரே. மைத்துனர் அதற்குப் பிறகு பூகோளம் பேசுவதில்லை. வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம் என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், செடிகளுக்கு நடுவே ஒரு மழைமானி இருந்தது. ஒரு புனல், அதற்குக் கீழே ஒரு பாட்டில், பக்கத்தில் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை. அவ்வளவுதான். தினமும் காலை எட்டரை மணிக்கு ஒன்பதாம் வகுப்பில் முறை வைத்து ஒரு பிள்ளை அளந்து, பதிவேட்டில் பென்சிலால் எழுதும். சராசரி சார் கையெழுத்துப் போடுவார். ஒன்பது மணிக்கு நீர்வாரிய அலுவலகத்திலிருந்து குமாஸ்தா தொலைபேசியில் கேட்பார். பள்ளத்தெருவை ஒட்டி ஓடும் வாய்க்காலின் மேற்பக்கத்தில் வேறு மழைமானி கிடையாது. எண் நூறைத் தாண்டினால் உடனே மதகைத் திறந்து தண்ணீரை ஆற்றுக்கு விடுவார்கள், பள்ளத்தெருவுக்கு ஆள் அனுப்பி எச்சரிப்பார்கள். தாண்டாவிட்டால் தேநீர் குடிப்பார்கள்.

பள்ளத்தெருவில் அறுபது வீடுகள். அதில் கடைசிக்கு முந்தியது சராசரி சாருடையது.

பிள்ளைகள் எழுதும் எண்ணை அவர் அப்படியே விட்டதில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தில் மாதவாரியாக மழை அட்டவணை உண்டு. அதோடு ஒத்துவராத எண்ணைப் பார்த்தால், கணக்கு நோட்டில் தப்பைப் பார்த்தது போல அவர் கை துறுதுறுக்கும். சிவப்புப் பேனாவால் கொஞ்சம் கூட்டுவார், கொஞ்சம் குறைப்பார். ஏமாற்று வேலை இல்லை, திருத்தம். பிள்ளைகள் தப்பு செய்வார்கள், வானமும் சில சமயம் செய்யும், புத்தகம் செய்யாது.

அந்த மாதம் அட்டவணைப்படி வறண்ட மாதம். மாதம் முழுவதற்கும் பதினான்கு மில்லிமீட்டர்தான் அனுமதி. முதல் நாள் சாயங்காலம் பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. சார் இரண்டு குடைகளை ஒடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, ஈரச் சட்டையோடு கரும்பலகையில் 'நமது பகுதியின் வறண்ட பருவம்' என்று தலைப்பு எழுதினார். மழைச் சத்தத்தில் பாடம் கேட்கவில்லை என்று பின்வரிசைப் பிள்ளைகள் முறையிட்டதால் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார்.

அன்றைக்கு முறை ஓர் ஒல்லிப் பெண்ணுக்கு. தலையிலிருந்து சொட்டச் சொட்ட, பதிவேட்டை மட்டும் நனையாமல் பாவாடைக்குள் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நூத்தி இருபத்திரெண்டு சார்."

"என்னது?"

"குவளை இருபத்தஞ்சுதான் சார் பிடிக்கும். நாலு தடவை ரொம்பிச்சு. அஞ்சாவதுல இருபத்திரெண்டு."

சார் சிரித்தார். கோபமே இல்லை, அவருக்கு இந்த வயதுப் பிள்ளைகள் மேல் உண்மையிலேயே பிரியம் உண்டு. "ஒரு வருஷத்துல கால்வாசி மழை ஒரு ராத்திரியில பெய்யுமாம்மா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்று கனிவோடு சொல்லி, பேனாவைத் திறந்து, இரண்டு இரண்டுகளுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். 12.2. அதுவே இந்த மாதத்துக்கு அதிகம்தான் என்றாலும், பிள்ளை மனம் நோகக் கூடாதே என்று விட்டுவிட்டார்.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பன்னிரெண்டு புள்ளி ரெண்டு" என்றார் சார்.

"அவ்வளவுதானா சார்? பாத்தா நெறைய பெஞ்ச மாதிரி இருக்கே" என்று இழுத்தார் குமாஸ்தா. "இங்க வர்றதுக்குள்ள என் குடையே திரும்பிக்கிச்சு."

"அது காத்து. காத்து வேற பாடம். பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க, அளந்தாத்தான் தெரியும்."

குமாஸ்தா பன்னிரண்டு புள்ளி இரண்டு என்று எழுதிக்கொண்டார். மதகு மூடியே இருந்தது.

பதினொன்றரைக்கு மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னங்க, தண்ணி வந்துடுச்சு."

"குழாய்லயா? இன்னிக்கு வராதே."

"கூடத்துல."

சார் பொறுமையாக விளக்கினார். காலையில் அளந்தாயிற்று, எண் பன்னிரண்டு, அதில் பெரும்பாலும் மண்ணே குடித்துவிடும், ஆகையால் கூடத்துக்குத் தண்ணீர் வர வாய்ப்பில்லை.

"உங்க பன்னிரெண்டு இப்ப முட்டிக்கால் உயரத்துக்கு நிக்குதுங்க" என்றார் மனைவி. "பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கட்டிலோட தூக்கிட்டுப் போறாங்க. நான் பேசிட்டிருக்கிறது மேஜை மேல நின்னு. நீங்க வர்றீங்களா, இல்ல புத்தகத்துல பாத்துட்டுச் சொல்றீங்களா?"

அப்போதுதான் சராசரி சார் போய் ஜன்னலைத் திறந்தார். பிரம்பைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினார். தெருமுனையில் தண்ணீர் இடுப்பளவு. அறுபது வீடுகளின் பாய்களும் பாத்திரங்களும் செருப்புகளும் ஒன்றாகக் கலந்து மிதந்துகொண்டிருந்தன. மனைவியை மேஜையிலிருந்து இறக்கித் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அந்த அம்மாள் பேசினார். அதை இங்கே எழுத முடியாது.

உயிர்ச்சேதம் இல்லை என்பது ஊர் செய்த புண்ணியம். மூன்றாம் நாள் நீர்வாரியப் பொறியாளர் தலைமையாசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தார். மேஜை மேல் பதிவேடு. ஒரு பக்கம் சராசரி சார், இன்னொரு பக்கம் அந்த ஒல்லிப் பெண். அவள் வீடும் பள்ளத்தெருதான். அன்றைக்கு அவள் போட்டிருந்தது யாரோ கொடுத்த, தோள் பெரிதான சட்டை.

"எண்ணைத் தப்பா எழுதினது யாரு?" என்றார் பொறியாளர். "அறுபது குடும்பம் இப்ப பள்ளிக்கூட வராந்தாவுல படுத்திருக்கு. எழுதினவங்க பேர் எனக்கு வேணும்."

இந்த வகை மனிதர்களின் வாய்க்குத் தனிப் புத்தி உண்டு. மனசு முடிவெடுக்கும் முன்பே அது கிளம்பிவிடும். "சின்னப் பொண்ணு..." என்று சாரின் வாய் கிளம்பிவிட்டது.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அழவில்லை, மறுக்கவில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, தன் நான்கு குவளைகளையும் மனசுக்குள் மறுபடி எண்ணிப் பார்க்கிறவள் போல விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். எங்கே தப்புவிட்டோம் என்று தேடுகிறாள். அதைப் பார்த்ததும் சார் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சின்னப் பொண்ணு சரியாத்தான் அளந்தா" என்று முடித்தார். "புள்ளி நான் வச்சது."

சரி, திருந்திவிட்டார் என்று கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். சம்பளத்தில் பிடித்தார்கள், மழைமானியின் பக்கம் போகக் கூடாது என்றார்கள், காலை ஒன்பது மணித் தொலைபேசியை அந்தப் பெண்ணே எடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எல்லாவற்றுக்கும் சார் தலையாட்டினார். அன்று மாலையே பாடநூல் குழுவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதி, நாற்பத்தேழாம் பக்க அட்டவணையைத் திருத்தும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை அவர் வகுப்பில் அந்த மாதம் வறண்ட மாதம்தான். சேறு காயாத தரையில் நின்றுகொண்டு அதைத்தான் நடத்துகிறார். தேர்வில் வேறு விதமாக எழுதினால் மதிப்பெண் கிடையாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்க வேண்டிய மனிதர்தான். நாம் அப்படியா? நமக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது, பிரம்பும் அட்டவணையும் இல்லை. ஆனால் போன வாரம் உங்கள் அம்மா வந்து, "தலையைச் சுத்துது" என்று சொன்னார்களே, அப்போது நீங்கள் பரிசோதனைக்கூடத்துக் காகிதத்தை எடுத்து, மேலிருந்து கீழே ஒருமுறை விரலை ஓட்டி, "ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்தானேம்மா" என்றீர்கள். அம்மாவும் சரி என்று எழுந்து போனார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.