அலைக்குளத்துல சைரன் ஊதுன கதை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போய் ஓட்டல்ல ஒரு நாள் தங்கிட்டு வரணும்.

இதுல என்னய்யா தப்பு நடக்கும்னு கேக்கறீங்களா? அப்ப என்னை இன்னும் உங்களுக்குத் தெரியல!

தொண்ணூறுகள்ல நான் ஓசூர்ல ஒரு வண்டிக் கம்பெனில ஃபிட்டர். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட்டு. கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு, என் வீட்டுக்காரி மும்தாஜ், நான் முழிச்சிருந்து என்னைப் பாத்தது கொஞ்ச நேரந்தான்.

அந்தச் சமயம் பாத்து கிருஷ்ணகிரி ரோட்டுல ஒரு ரிசார்ட் தொறந்தாங்க. ஏதோ வெளிநாட்டுத் தீவு மாதிரியே கட்டியிருக்காங்களாம். ஓலைக் குடிசை, அருவி, அலையடிக்கற நீச்சல் குளம். போயே ஆவணும்னு மும்தாஜ் ஒத்தக்கால்ல நின்னா.

"ஆனா ஒண்ணு. கம்பெனி நம்மகூட வரக்கூடாது. பேச்சுலயும் வரக்கூடாது. ஒரு நாளாவது எனக்குப் புருஷனா மட்டும் இருங்க. இல்லன்னா அங்கருந்தே பேரிகைக்கு, எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏறிடுவேன். அப்புறம் நீங்க கம்பெனியோடவே குடும்பம் நடத்துங்க!"

அவ சும்மா மெரட்டல. கண்ணுல தண்ணி நின்னுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"அட, இதெல்லாம் ஒரு விஷயமா?"ன்னேன். வாய்க்கொழுப்பு!

ரிசார்ட் கேட்டுல காக்கிச் சட்டை போட்ட செக்யூரிட்டி எதிர்ல வந்தாரு. நான் பையக் கீழ வச்சேன். ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு நின்னேன்.

"ஏனாயித்து சார்?"னு கன்னடத்துல பதறிட்டாரு மனுசன்.

ஒண்ணும் ஆவல. எங்க கம்பெனில ஷிப்ட் முடிஞ்சு வெளிய வரும்போது, நட்டு போல்ட்டு ஏதாச்சும் எடுத்துட்டுப் போறமான்னு தடவிப் பாப்பாங்க. காக்கியக் கண்டா என் கை தானா மேல போயிடும்.

"சோம்பல் முறிச்சேன்"னேன்.

"ம்ம்"னா மும்தாஜ். அந்த ம்ம் நல்ல ம்ம் இல்லீங்க.

உள்ள பூப்போட்ட சட்டை போட்ட பொண்ணு ஒண்ணு எங்க ரெண்டு பேரு கழுத்துலயும் பிளாஸ்டிக் மாலை போட்டுச்சு. "மறுபடியும் நிக்காஹ்வா?"ன்னு மும்தாஜ் சிரிச்சுட்டா. அப்பாடான்னு இருந்துச்சு.

"உங்க பேரு சார்?"

"அன்வர். டோக்கன் நம்பர்..."

மும்தாஜ் திரும்பிப் பாத்தா. கம்பெனி நம்பர அப்படியே முழுங்கிட்டேன்.

எங்க பாத்தாலும் சிமெண்டுல செஞ்ச தென்னைமரம். மேல பச்சை பெயிண்ட், அதுக்கும் மேல பிளாஸ்டிக் கிளி. காம்பவுண்டுக்கு அந்தாண்ட நெசமான தென்னந்தோப்பே இருக்கு. அதைப் பாக்கத்தான் ஆளில்ல.

குளத்துல எறங்கணும்னா அவங்க குடுக்கற நைலான் துணியத்தான் போடணுமாம். எனக்கு வாய்ச்சது மஞ்ச டவுசரு, நெறைய பப்பாளிப் படம். சுத்திலும் அதே டவுசர்ல, என்னை மாதிரியே ஓசூர்க் கம்பெனி ஆம்பளைங்க. எல்லாரும் வயித்த உள்ள இழுத்துப் புடிச்சிக்கிட்டு நின்னோம்.

மும்தாஜுக்குத் தண்ணின்னா பயம். என் கையக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டா.

"விட்டுடாதீங்க!"

"உசுரே போனாலும் விடமாட்டேன்!"

அப்பத்தான் சைரன் ஊதுச்சு.

அலை வரப்போவுதுன்னு எச்சரிக்கை பண்றதுக்கு ஊதுறாங்க. அது எனக்கு எப்படித் தெரியும்? என் காலுக்குத் தெரிஞ்சதெல்லாம், சைரன் ஊதுனா கேன்டீன்ல மொதல் ஆளா நிக்கணும். இல்லன்னா வடை தீந்துடும்!

கைய விட்டேன். கரையேறுனேன். ஈரத்தோட ஓடி, சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல போய் நின்னேன்.

பின்னால யாரோ என்னை இடிச்சாங்க. திரும்பிப் பாத்தா, மஞ்ச டவுசரு. அவருக்குப் பின்னால இன்னொரு மஞ்ச டவுசரு. வால் மாதிரி நீளுது லைனு! "நடுவுல நுழையாதீங்க சார், நான் முன்னாடியே வந்துட்டேன்"னு சண்டை வேற.

சர்வர் எட்டிப் பாத்து மெரண்டுட்டாரு. "சாப்பாடு இன்னும் ஆவலீங்களே?"

எனக்குப் பின்னால நின்னவரு மெதுவாக் கேட்டாரு. "ஏங்க, நாம எதுக்கு இங்க நிக்கறோம்?"

"சைரன் ஊதுச்சுல்ல!"

சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பகீர்னுச்சு. ஐயோ, மும்தாஜ்! தண்ணில விட்டுட்டு வந்துட்டேனே! பேரிகை பஸ்ஸு கண்ணு முன்னால வந்துச்சு. ஒரே ஓட்டமா ஓடுனேன்.

குளத்துல ஒரு ஆம்பளை இல்ல. பூரா பொம்பளைங்க. கையக் கோத்துக்கிட்டு நிக்கறாங்க, அலை வந்து தூக்கிப் போடுது, ஊர்பேர் தெரியாதவங்கல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து சிரிக்கறாங்க. நடுவுல என் மும்தாஜ்! நைலான் துணிக்கு மேல துப்பட்டாவ இடுப்புல கட்டிக்கிட்டு, கத்திக் கத்திச் சிரிக்கறா. நாலு வருஷத்துல அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததே இல்லீங்க.

"மும்தாஜ், மன்னிச்சுக்க! தெரியாம ஓடிட்டேன். இதோ வந்துட்டேன்!"

"ஏன் வந்தீங்க?"ன்னா. "போங்க, லைன்ல உங்க எடம் போயிடப் போவுது!"

அதுக்குள்ள மத்த டவுசருங்களும் அசடு வழிஞ்சிக்கிட்டே வந்து எறங்க ஆரம்பிச்சுது. பொம்பளைங்க மொகமெல்லாம் சுண்டிப் போச்சு. மும்தாஜ், சைரன் ஊதுற மோட்டார் ரூம் ஆளு பக்கம் திரும்பிக் கத்துனா.

"அண்ணா! அந்தச் சைரன இன்னொருக்கா ஊதுங்க!"

அந்த ஆளும் ஊதிட்டான்.

சொன்னா நம்பமாட்டீங்க, பாதிப் பேரு மறுபடியும் கரையேறிட்டாங்க. அதுல நானும் ஒருத்தன்.

நல்லவேளை, அவ அம்மா வீட்டுக்குப் போவல. அடுத்த வருஷமும் அதே ரிசார்ட்டுக்குக் கெளம்புனா, எங்க தெருப் பொம்பளைங்களச் சேத்துக்கிட்டு. நானும் வரட்டுமான்னு கேட்டேன்.

"அப்புறம் வீட்ல கோழிய யாரு பாத்துக்கறது?"ன்னா.

எங்க வீட்ல கோழியே கெடையாது.